முன்னுரை, முடிவுரை, முதல் தலைமுறை

  

ஆண்டு மலர் என்றாலே கவிதை வரும், கடி ஜோக் வரும், நண்பர்களின் பிரிவுரை வரும். இவற்றுக்கு நடுவே கட்டுரை எழுதுவது எப்படி என்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். "இதெல்லாம் எட்டாம் வகுப்பு சமாச்சாரம், பாலிடெக்னிக் வந்த பிறகு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பவும் செய்யலாம். திருப்புவதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். முன்னுரை எதற்கு எழுதுகிறோம்? எழுதச் சொன்னாங்க, எழுதுறோம் என்பதைத் தவிர வேறு காரணம் உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது?

எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பள்ளியை முடித்து மேல்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போல எத்தனையோ பேர். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுரையின் ஒழுங்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. அப்பா விண்ணப்பம் எழுதுவதைப் பார்க்கிறது, அக்கா நோட்டைப் புரட்டுகிறது, பத்திரிகையின் தலையங்கம் காதில் விழுகிறது. நமக்கோ யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. கட்டுரையின் சட்டதிட்டங்களை அவற்றின் காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லித் தர வேண்டும், அதுவும் மெருகேற்றும் வேலையோடு சேர்த்தே சொல்லித் தர வேண்டும் என்பதுதான் என் கட்சி. சொல்லாமல் விட்டுவிட்டு மதிப்பெண்ணை மட்டும் குறைப்பது நியாயமாகாது.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போகாதவர் இருக்க மாட்டோம். ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியரின் கல்படுக்கை ஒன்றில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. எந்த நாட்டில், எந்த ஊரில் பிறந்த எந்தத் துறவிக்கு, எந்த ஊரார் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பதே அதன் செய்தி. யார், எங்கே, யாருக்கு, என்ன? இவ்வளவுதான். கல்லில் உளியால் வெட்டுகிறவனுக்கு வீண் சொல் எழுத நேரம் ஏது?

பிறகு ஓலை வந்தது. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள். பத்தி கிடையாது, காற்புள்ளி கிடையாது. ஏற்கெனவே பாடம் கேட்டவர்தான் தடையில்லாமல் வாசிக்க முடியும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எ, ஏ என்பதற்கும் ஒ, ஓ என்பதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டை நிலைநிறுத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சு உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பயன்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பாலபாடங்களை எழுதினார். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 'லை', 'னை' போன்ற எழுத்துகளை இன்று நாம் எழுதும் வடிவத்துக்கு மாற்றியது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? புள்ளி, இடைவெளி, பத்தி, தலைப்பு என்று ஒவ்வொன்றும் புதிதாகப் படிக்க வருகிறவனுக்காக ஒருவர் போட்டுத் தந்த படிக்கட்டு. அந்தப் படியையே நமக்குத் தடைச்சுவராக ஆக்கிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் கட்டுரையைக் குறிக்கும் 'எஸ்ஸே' என்ற சொல்லின் பிறப்பிடத்தைப் பாருங்கள். 1580-இல் மொந்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நூலுக்கு வைத்த பெயர் அது. 'முயற்சிகள்' என்று பொருள். ஆக, கட்டுரை என்றாலே முயற்சிதான். முயல்கிறவனைப் பார்த்து ஏன் பயம் காட்ட வேண்டும்?

சென்ட்ரிங்கும் கான்கிரீட்டும்

நான் சிவில் மாணவி. எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

சிலாப் போடுவதற்கு முன் சென்ட்ரிங் அடிக்கிறோம். பலகையும் முட்டும் இல்லாமல் கலவையைக் கொட்டினால் என்ன ஆகும்? தரையெல்லாம் ஓடும். கட்டுரைக்குச் சென்ட்ரிங் என்பது குறிப்புச் சட்டகம். எழுதுவதற்கு முன்னால் ஐந்தாறு குறிப்பை வரிசையாகப் போட்டுக்கொள்வது. அதைப் போடாமல் நேரே எழுத உட்காருகிறவர்தான் இரண்டாம் பக்கத்தில் முதல் பக்கத்துச் சங்கதியையே மறுபடி எழுதுவார்.

முன்னுரை வாசற்படி. உள்ளே எந்த விஷயம் இருக்கிறது, நான் எந்தப் பக்கம் நின்று பேசப் போகிறேன் என்று மூன்று நான்கு வரியில் சொல்வது அதன் வேலை. "மனிதன் தோன்றிய நாள் முதல்..." என்று ஆதாமிடமிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது சுவருக்கு மட்டும் சொன்ன பழமொழியா என்ன?

உட்தலைப்பு அறைக்கு அறை கதவு. சமையலறை எது, படுக்கையறை எது என்று வாசிப்பவர் தேடக் கூடாது. ஒரு பத்தியில் ஒரு கருத்து. கருத்து மாறினால் பத்தி மாற வேண்டும். புதுப் பத்தியின் முதல் வரி சற்று உள்தள்ளித் தொடங்க வேண்டும். முடிவுரை என்பது முன்னுரையை வேறு சொல்லில் ஒப்பிப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு தூரம் வந்ததால் கடைசியில் என்ன தெரிந்தது, இனி என்ன செய்யலாம் என்று சொல்லி இறக்கிவிடுவதுதான் முடிவுரை.

ஓரம் விடுவது எதற்கு? மதிப்பெண் போடுகிறவருக்கு இடம் வேண்டும். மூன்றாமாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இடது ஓரத்தை மட்டும் ஏன் அகலமாக விடச் சொல்கிறார்கள்? பைண்டிங் போடும்போது அந்தப் பக்கம் எழுத்து உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. இந்த ஒரு வரிக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாருக்கும் மறக்காது. காரணம் தெரியாத விதி மனப்பாடமாகும், காரணம் தெரிந்த விதி பழக்கமாகும்.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கும்: எழுதவும் அடிக்கோடிடவும் நீல மை அல்லது கருப்பு மை, படம் வரையப் பென்சில். ஆனால் நாம் ஸ்கெட்ச் பேனா வாங்கி ஓரத்தில் பூ வரைவதில் ஒரு மணி நேரம் செலவழிக்கிறோம். தலைப்பைக் கருப்பிலும் செய்தியை நீலத்திலும் எழுதினாலே போதுமான அழகு. கட்டுரை வினாவுக்கு 8 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி என்ற தாளில் 8 என்பது சின்னக் காசு இல்லை நண்பர்களே! நம்மைப் போன்றவர்களுக்குச் சில சமயம் அதுதான் மேல்படிப்புக்கும் சித்தாள் வேலைக்கும் நடுவே இருக்கும் கோடு.

மெருகு என்பது பூச்சு வேலை

சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நின்றால்தான் பூச்சு நிற்கும். கோணல் சுவரைச் சிமெண்டை அப்பி மறைத்தால் எத்தனை நாளைக்கு? கட்டுரையிலும் முதலில் விஷயம் நேராக நிற்க வேண்டும். பிறகுதான் மெருகு.

'இயற்கைச் சீற்றங்களும் நமது கடமையும்' என்று ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். நம் ஆட்கள் எழுதும் முதல் படி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"கஜா புயல் வந்து எங்க பக்கம் எல்லாமே போச்சு. தென்னமரம்லாம் விழுந்துருச்சு கரண்டு இல்ல தண்ணி இல்ல ரொம்ப கஷ்டம். இயற்கை அன்னையின் கோரத் தாண்டவத்தை என்னவென்று சொல்வது! ஆகவே மரம் வளர்ப்போம்."

இதில் விஷயம் இல்லையா? நிறைய இருக்கிறது. சொன்னவர் கண்ணால் கண்டவர். ஆனால் நாள் இல்லை, இடம் இல்லை, எதனால் எது நடந்தது என்ற வரிசை இல்லை. மூன்றாவது வாக்கியம் கைடிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

"2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதால் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடவில்லை. வீட்டைச் சுற்றி மழைநீர் கிடந்தும், மக்கள் குடிநீருக்குக் குடத்தோடு அலைந்தார்கள்."

என்ன செய்தோம்? நான்கே நான்கு வேலை. 'ரொம்ப கஷ்டம்' என்பதை எடுத்துவிட்டு அந்தக் கஷ்டத்தையே காட்டினோம். நாளும் ஊரும் சேர்த்தோம். 'அதனால் இது' என்று காரண காரியத்தைக் கோத்தோம். இரவல் வாக்கியத்தைத் தூக்கிக் கடாசினோம். பேச்சு மொழி எழுத்து மொழியாக மாறியது ஐந்தாவது வேலை, அது கடைசியில்தான். நம் வீட்டுப் பேச்சு மட்டமான பேச்சு என்று அர்த்தமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறோம், சபைக்குப் போகும்போது இறக்கி விட்டுக்கொள்கிறோம். வேட்டி ஒன்றுதான்.

அடுத்தது பிழை திருத்தம். 'ஒரு க் விட்டா என்ன குடி முழுகிப்போச்சு?' என்பவர்களுக்காக: 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கேட்கிறோம். 'மருந்துக் கடை' என்பது மாத்திரை விற்கும் இடம். 'மருந்து கடை' என்றால் மருந்தைக் கடையச் சொல்வது போல. 'அரை' என்பது பாதி, 'அறை' என்பது ரூம். எஸ்டிமேட் எழுதும்போது இந்த ரகர றகரம் மாறினால் மேஸ்திரி சிரிப்பார்.

பிழை கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எழுதிய உடனே திருத்தாதீர்கள். பூசிய சுவருக்குத் தண்ணீர் விட்டு ஆற விடுவது மாதிரி ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள். மறுநாள் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் நீளம் என்று அர்த்தம், வெட்டி இரண்டாக்குங்கள். நாக்கு இடறும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். பிறகு இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தேர்வு மண்டபத்தில் ஒரு ராத்திரி கிடைக்காது, உண்மைதான். கடைசி ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பழக்கம் உள்ளவருக்குத்தான் தெரியும்.

மனுவும் ஒரு கட்டுரைதான்

பரீட்சையோடு இது முடிந்துவிடுகிறதா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா கேட்டு, முதியோர் உதவித்தொகை கேட்டு, பாதை கேட்டு எத்தனை கிராமத்து ஜனங்கள் வருகிறார்கள்! வாயால் சொன்னால் கண்ணீர் வரும்படி சொல்வார்கள். ஆனால் தாளில் வர வேண்டுமே! அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, இடம், நாள். இந்த ஏழு சொல்லின் வரிசை தெரியாததால் கூலிக்காசில் ஒரு பங்கைக் கொடுத்து மனு எழுதிக்கொள்கிறார்கள். 'பொருள்' என்ற ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால் அந்தத் தாள் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றே புரியாது. பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித் தந்தபோது 'இது மார்க்குக்கு' என்று மட்டும் சொன்னார்கள். 'உன் அப்பத்தாவின் பென்ஷனுக்கும் இதுதான்' என்று சொல்லியிருந்தால் நாம் எல்லோருமே உட்கார்ந்து படித்திருப்போம்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் புறப்பட்டது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். 1992-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. குவாரியில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகை என்றால் விண்ணப்பம், கணக்கு, ரசீது எல்லாம் எழுத்துதானே? எங்கள் அப்பத்தாவும் அந்த வகுப்பில்தான் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தது. பேரை எழுதும் வரை அவர்கள் தலைமுறை நம்மைக் கொண்டு வந்து விட்டது. பேருக்கு மேலே உள்ள பக்கத்தை நிரப்ப வேண்டியது நம் தலைமுறை.

சிலர் கேட்கக்கூடும்

"இப்படிச் சட்டம் போட்டால் கற்பனை செத்துப்போகாதா?" என்று தமிழ் ஆர்வலர்கள் கேட்கலாம். சென்ட்ரிங்கைக் கடைசி வரை யாரும் வைத்திருப்பதில்லை. கான்கிரீட் இறுகியதும் பிரித்துவிடுகிறோம். கை பழகிய பிறகு முன்னுரை என்று எழுதி அடிக்கோடு போடாமலே முன்னுரை எழுதலாம். ஆனால் சிலாப் போடும் முன்பே பலகையைப் பிரிக்கச் சொல்வது, வீடு ஏற்கெனவே இருக்கிறவர்களின் பேச்சு.

"எல்லாம் கைபேசி எழுதித் தருதே, நமக்கு ஏன் சிரமம்?" என்று நம் வகுப்பிலேயே கேட்கிறார்கள். தரும். வழவழவென்று தரும். உங்கள் ஊர்க் கண்மாயில் கலிங்கு எந்தப் பக்கம் உடைந்தது என்று அதற்குத் தெரியுமா? நீங்கள் சொன்னால்தானே தெரியும்! சொல்லத் தெரிந்தவனுக்கு அது உதவியாள், சொல்லத் தெரியாதவனுக்கு அதுவே எஜமான். அது தந்ததில் எது சரி, எது பொய், எது வீண் என்று பார்க்கவும் இதே படிப்புதான் வேண்டும்.

"எழுத்து முத்து முத்தாக இருந்தால் போதும்" என்பவர்களும் உண்டு. திருத்துகிறவர் ஒரே நாளில் கட்டுக்கட்டாகத் தாள் பார்க்கிறார், தெளிவான கையெழுத்து அவருக்குச் செய்யும் மரியாதை. சம்மதம். ஆனால் முத்தைக் கோக்க நூல் வேண்டாமா?

பேரவைக்கு நான்கு கோரிக்கைகள்

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது அழகில்லை. நம் பேரவையே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று. முதலாமாண்டு சேர்ந்ததும் முதல் இரண்டு வாரத்தில் ஒரு சில மணி நேரம், கட்டுரை, கடிதம், லேப் ரெக்கார்டு மூன்றின் அமைப்பையும் காரணத்தோடு சொல்லித் தர ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ்வழியில் வந்தவர்களுக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும். அமைப்பு புரிந்துவிட்டால் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது பாதி வேலைதான்.

இரண்டு. வாரம் ஒரு மாலை, நூலகத்தில் ஒரு மேசை. சீனியர்கள் இருவர் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதியதைக் கொண்டு வரலாம். வாசித்து, புரியாத இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தால் போதும். எழுதித் தரக் கூடாது!

மூன்று. திருத்திய தாளில் வட்டம் மட்டும் போடாமல், ஏன் வட்டம் என்று இரண்டு சொல் எழுதித் தரும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்ள வேண்டும். 'பத்தி பிரிக்க', 'சான்று எங்கே?', 'முடிவுரை காணோம்' என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. எழுதியவருக்கோ அது ஒரு வருஷப் பாடம்.

நான்கு. ஒவ்வோர் ஆண்டும் நல்ல புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளையும் கட்டுரைகளையும், முடிந்தால் அவற்றின் முதல் படியோடும் சேர்த்து, நூலகத்தில் வைக்க வேண்டும். முடிந்த வீட்டை மட்டும் பார்த்தால் கட்டத் தெரியாது. அடித்துத் திருத்திய தாளையும் பார்த்தால்தான் கட்டிய விதம் தெரியும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் தருகிறார்கள். அரசாங்கம் கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. நன்றி. வாசற்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவனுக்கு எந்த அறை எங்கே இருக்கிறது என்று கைகாட்டும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு மேசை, ஒரு மணி நேரம், முன்னால் வந்த நாம் போதும்.

வரும் ஆண்டுப் பேரவை இந்த மேசையைப் போடட்டும். முதல் நாள் உட்கார என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்!

— மூன்றாமாண்டு சிவில் மாணவி